பிள்ளைப் பராமரிப்பும் வரிச் சலுகையும்: புத்தளக் கரையோரப் பெண்களின் உழைப்பை முன்வைத்து ஒரு நோக்கு

குழந்தை பெற்ற பெண் மீண்டும் தொழிலுக்குச் செல்வது இலாபமா நட்டமா என்னும் வினா இன்று பல நாடுகளில் ஒரு கூட்டல் கழித்தற் கணக்காகவே முன்வைக்கப்படுகின்றது. ஒரு புறம் அவள் பெறும் ஊதியம். மறுபுறம் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்குச் செலுத்தும் கட்டணமும் போக்குவரவுச் செலவும். இவற்றோடு அரசு வரியில் விட்டுக்கொடுக்கும் தொகை. எஞ்சுவது எவ்வளவு என்பதைக் கொண்டு, அவள் வேலைக்குப் போவதா வீட்டிலிருப்பதா என்று குடும்பம் தீர்மானிக்கலாம் என்பர். கணக்குத் தெளிவானதே. ஆயின் எந்தச் சமூகத்தின் வாழ்க்கையை மனத்திற்கொண்டு அது வகுக்கப்பட்டது என்பதை உசாவுதல் அவசியமாகும்.

இலங்கையிலும் பெண்களைத் தொழிலுக்கு ஈர்ப்பதற்கு வரிச் சலுகை வழங்கலாம் என்ற கருத்து அவ்வப்போது எழுகின்றது. பெண்களின் தொழிற்படைப் பங்கேற்பு நீண்ட காலமாக மூன்றிலொரு பங்கினை ஒட்டியே தேங்கி நிற்க, ஆண்களின் பங்கேற்பு அதன் இரு மடங்கிற்கு மேலிருப்பதே இதற்குக் காரணம். இக்கட்டுரை அக்கருத்தைப் புத்தள மாவட்டத்தின் கரையோரத்தில் வைத்து ஆராய முற்படுகின்றது. வரிச் சலுகை யாரைச் சென்றடையும்? பராமரிப்பின் விலையை இப்பொழுது யார் செலுத்துகின்றனர்? இவ்விரு வினாக்களுமே ஈண்டு முதன்மை பெறுகின்றன.

வரிச் சலுகையின் வகைகள்

பிள்ளைப் பராமரிப்புக்கான வரிச் சலுகைகள் இரு வகைப்படும். முதலாவது, செலவை வருமானத்திலிருந்து கழித்துவிட்டு எஞ்சிய வருமானத்துக்கு மட்டும் வரி விதிப்பது. இதனை வருமானக் கழிவு எனலாம். இரண்டாவது, செலவின் ஒரு பகுதியைச் செலுத்தவேண்டிய வரியிலிருந்தே குறைத்தல். இதுவே வரி வரவு எனப்படுவது. வரி வரவிலும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. செலுத்தவேண்டிய வரி வரவுத் தொகையிலும் குறைவாயின், மிகுதியை அரசு ரொக்கமாகக் கொடுக்குமா, அன்றி அம்மிகுதி இல்லாதொழியுமா என்பதே அது.

ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். அங்கு 1954ஆம் ஆண்டில் பிள்ளைப் பராமரிப்புச் செலவில் 600 டொலர் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வரி வரவாக மாற்றிற்று. ஒரு பிள்ளையாயின் 2,000 டொலர் வரையும், ஒன்றுக்கு மேற்பட்டாயின் 4,000 டொலர் வரையுமான செலவில் நூற்றுக்கு 20 பங்கு வரியிலிருந்து குறைக்கப்பட்டது. உயர் வருமானத்தாருக்கே கூடிய பயனளித்த முறையிலிருந்து இது ஒரு முன்னேற்றமே. எனினும் வரி செலுத்தாத ஏழைத் தாய்க்கு அதனால் ஒரு சதமும் கிட்டவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 2021ஆம் ஆண்டுக்கு மட்டுமே, அவ்வரவு ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்கப்படுவதாயிற்று.

பிரித்தானியா 1999இல் வேறு வழியை நாடியது. குறைந்த வருமானமுள்ள தொழிலாளர் குடும்பங்களின் பராமரிப்புச் செலவில் நூற்றுக்கு 70 பங்கினை, ஒரு வரையறைக்குட்பட்டு, அவை வரி செலுத்தினும் செலுத்தாவிடினும் அரசு ஏற்றது. 2003இல் திருத்தியமைக்கப்பட்ட அம்முறை 2025 ஏப்ரலுடன் முற்றாக முடிவுற்று, பொதுவான நலக் கொடுப்பனவினுள் அடங்கிவிட்டது. அதன் பயனை மறுத்தற்கில்லை. எனினும், ஆண்டு முடிவில் வருமானம் மீளக் கணிக்கப்பட்டபோது, பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு பல குடும்பங்கள் பணிக்கப்பட்டன. மாதந்தோறும் மாறும் கூலியில் வாழ்வோருக்கு ஆண்டுக் கணக்கு பொருந்துவதன்று என்பது அங்கு வெளிப்பட்டது.

கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் தொடங்கிய முறையில், பெற்றோர் செலுத்தவேண்டிய கட்டணம் நாளொன்றுக்கு 5 டொலராக வரையறுக்கப்பட்டு, மீதிச் செலவை அரசே ஏற்றது. இங்கு சலுகை வரியின் வழியாக அன்றிச் சேவையின் வழியாக வந்தது. தாய்மாரின் தொழிற் பங்கேற்பு உயர்ந்தது. நிலையங்களின் தரம் பற்றிய வாதம் மட்டும் ஓயவில்லை.

இலங்கையின் வரிமுறை

இலங்கையில் வருமான வரி 1932ஆம் ஆண்டுமுதல் அறவிடப்படுகின்றது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டமும் அதன் திருத்தங்களுமே இன்று நடைமுறையிலுள்ளன. தனியாளின் ஆண்டு வருமானத்தில் வரி விலக்குப் பெறும் தொகை 2023இல் 12 இலட்சம் ரூபாவாக இருந்து, 2025 ஏப்ரல் முதல் 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதாவது, மாதமொன்றுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாவுக்கு மேல் ஊதியம் பெறுவோரே வருமான வரி செலுத்துவோராவர்.

செலவுக்கு நிவாரணம் வழங்கும் முறையை இந்நாடு அறியாததன்று. 2020ஆம் ஆண்டுமுதல் 2022ஆம் ஆண்டின் இறுதிவரை, சுகாதாரம், தமதும் பிள்ளைகளதும் கல்வி, வீட்டுக் கடன் வட்டி முதலிய செலவுகளை ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டு வருமானத்திலிருந்து கழிக்க இடமிருந்தது. பிள்ளைப் பராமரிப்பு என்று தனித்த தலைப்பு அதில் இடம்பெறவில்லை. பொருளாதார நெருக்கடியின்பின் அந்நிவாரணமும் நீக்கப்பட்டது.

நேர் வரியின் எல்லைக்குள் வராத மக்கள் வரியே செலுத்தாதோர் எனக் கொள்வது தவறாகும். பெறுமதி சேர் வரி 2022இல் நூற்றுக்கு 8 ஆக இருந்து, அவ்வாண்டிலேயே 12 ஆகவும் 15 ஆகவும் உயர்ந்து, 2024 சனவரியில் 18 ஆயிற்று. விலக்களிக்கப்படாத பொருளுக்கு 118 ரூபா கொடுக்கும்போது 18 ரூபா வரியாகின்றது. குழந்தையின் உடுப்புக்கும் சவர்க்காரத்துக்கும் உப்பளத் தொழிலாளியும் வங்கி முகாமையாளரும் ஒரே வீதத்திலேயே வரி கொடுக்கின்றனர். வரி கொடுக்கும் கடமையில் சமத்துவமும் வரியில் விட்டுக்கொடுப்புப் பெறும் உரிமையில் அசமத்துவமும் இவ்வாறு ஒருங்கே நிலவுகின்றன.

ஒரு கணக்கு

மேற்கூறியதை எண்களில் வைத்து நோக்குவோம். தேசிய குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாவாகவும், 2026 சனவரியில் 30,000 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 30,000 ரூபா பெறும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கான நூற்றுக்கு 8 பங்கு, அதாவது 2,400 ரூபா போக, அவள் கைக்கு வருவது 27,600 ரூபா. பராமரிப்பு நிலையத்துக்கு மாதம் 10,000 ரூபாவும், பேருந்துக்கும் வெளியுணவுக்கும் 4,000 ரூபாவும் செலவாகும் எனக் கணக்கின் பொருட்டுக் கொள்வோமாயின், எஞ்சுவது 13,600 ரூபா.

இனி, அரசு பராமரிப்புச் செலவை வருமானக் கழிவாக அனுமதிக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 1,20,000 ரூபா. மாதம் நான்கு இலட்சம் ரூபா பெறுவோர் உச்ச வீதமான நூற்றுக்கு 36இல் வரி செலுத்துவதால், அவருக்குக் கிட்டும் நன்மை 43,200 ரூபா. மாதம் இரண்டரை இலட்சம் பெறுவோர் நூற்றுக்கு 18 என்ற படியில் நிற்பதால், அவருக்கு 21,600 ரூபா. நாம் எடுத்துக்கொண்ட தாயின் ஆண்டு வருமானம் 3,60,000 ரூபா. வரி விலக்கு எல்லையில் ஐந்திலொரு பங்கு. அவளுக்குக் கிடைப்பது பூச்சியம். கழிவுக்குப் பதிலாக நூற்றுக்கு 20 என்ற வரி வரவு வழங்கப்படினும், திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு இல்லாதவிடத்து, விடை பூச்சியமே.

இக்கணக்கில் மறைந்து நிற்கும் வேறிரு அம்சங்களும் கவனத்துக்குரியன. முதலாவது, பிள்ளை பள்ளி செல்லும் வரை ஐந்தாண்டு அவள் வீட்டிலிருப்பாளாயின், தொழிலாளியின் 8 பங்கும் தொழில் கொள்வோரின் 12 பங்கும் சேர்ந்து மாதம் 6,000 ரூபா வீதம் 3,60,000 ரூபா, வட்டி நீங்கலாகவே, அவளது முதுமைக் காலச் சேமிப்பில் இல்லாது போகும். இன்றைய 13,600 ரூபாவை மட்டும் நோக்கி, ‘போய் என்ன பயன்’ என்று கூறுவோர் இவ்விழப்பைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. இரண்டாவது, பராமரிப்புச் செலவு எப்பொழுதும் தாயின் ஊதியத்திலிருந்தே கழிக்கப்படுகின்றது. பிள்ளை இருவருக்கும் உரியதாயிருக்க, தந்தையின் ஊதியம் கணக்குக்கு வெளியே நிற்கின்றது. கழித்தலின் விடை சிறிதாவதற்கு இதுவே முதற் காரணம். பெண்ணின் கூலி குடும்பத்தின் துணை வருவாய், பராமரிப்பு அவளது இயல்பான கடமை என்னும் கருத்தியலையே இவ்வெண்கணிதம் தனக்கு அடிப்படையாகக் கொண்டுள்ளது.

கரையோர உழைப்பின் இயல்பு

மேலே காட்டிய தாய் மாத ஊதியமும் சேமலாப நிதியும் உடையவள். புத்தளக் கரையோரத்தில் ஆடைத் தொழிற்சாலைகளிலும், இறால், நண்டு பதனிடும் நிலையங்களிலும் இத்தகையோர் உள்ளனர். ஆயினும் இக்கரையின் பெண்ணுழைப்பில் பெரும்பகுதி இவ்வட்டத்துக்கு அப்பாற்பட்டது. சிலாபம், உடப்பு தொடக்கம் கற்பிட்டி வரையுள்ள கரைகளில் மீன் வெட்டி, உப்பிட்டு, கருவாடு காயவைப்போர். பாலாவியை அண்டிய உப்பளங்களில் உப்பு வாருவோர். புத்தளம் கடனீரேரியின் ஓரத்தில் மட்டி சேர்ப்போர். கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் நடவும் பிடுங்கவும் நாட்கூலிக்குச் செல்வோர் என்றவாறு அவ்வுழைப்புப் பலவகைப்படும்.

இவ்வுழைப்புக்கு மூன்று பொதுப் பண்புகள் உண்டு. ஒன்று, அது பருவத்தைச் சார்ந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில் தொழில் தளர்வதும், கடற்றொழிலாளர் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து வாடியமைத்துத் தங்குவதும் நீண்டகால வழக்கம். உப்பு மழையற்ற மாதங்களில் விளைவது. இரண்டு, அதன் நேரம் அலுவலக நேரமன்று. கரைவலை இழுபடும் வேளையும் படகு கரை சேரும் வேளையுமே பெண்ணின் வேலை தொடங்கும் வேளையைத் தீர்மானிக்கின்றன. காலையில் மூன்று மணிநேரம் அளவில் நடைபெறும் முன்பள்ளி, விடியுமுன் வாடிக்குச் செல்லும் தாய்க்கு எவ்வளவு உதவும் என்பது வெளிப்படை. மூன்று, அதன் கூலி நாளுக்கோ நிறைக்கோ கையிற் கொடுக்கப்படுவது. ஊதியச் சீட்டோ வரி இலக்கமோ அங்கில்லை. வரி வரவினைக் கோருவதற்கு வேண்டிய முதற் பத்திரமே இல்லாதவிடத்துச் சலுகையின் வீதம் பற்றிப் பேசுவது பொருளற்றதாகின்றது.

அவ்வாறாயின் பிள்ளைகளை யார் பார்க்கின்றனர்? அம்மம்மா பார்க்கின்றாள்; மாமி பார்க்கின்றாள்; பல வீடுகளில் மூத்த மகள் பார்க்கின்றாள். அன்றேல் வாடியின் நிழலில், கட்டிய ஏணையில் குழந்தை உறங்குகின்றது. இதனைச் செலவற்ற பராமரிப்பு என்று கருதுவது மேலோட்டமான நோக்கு. மூத்த மகள் பார்க்கும்போது அவளுடைய பள்ளி நாள்கள் செலவாகின்றன. கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்ட பின்னரும், மீன் படும் காலத்து வரவுக்குறைவைச் சட்டம் மட்டும் தடுத்துவிட முடியாது. அம்மம்மா பார்க்கும்போது அவளது உழைப்பு செலவாகின்றது. வெயிலில் ஏணை கட்டும்போது குழந்தையின் உடல்நலம் செலவாகின்றது. விலை இல்லாமலில்லை, அது ரூபாவில் எழுதப்படவில்லை, அவ்வளவே.

இவ்வுறவு வலை எங்கும் ஒரே உறுதியோடு இருப்பதுமில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பாலோர் புத்தள மாவட்டத்திலேயே அடைக்கலம் புகுந்தனர். நிலத்தையும் தொழிலையும் இழந்த அக்குடும்பங்களின் பெண்கள் பலர் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலியாயினர். ஓலைக் கொட்டில்களும் நெருக்கமான முகாம்களுமாகத் தொடங்கிய வாழ்வில், பிள்ளையைப் பார்க்கும் உறவினரும் கூலி தேடவேண்டியவராகவே இருந்தனர். உறவினர் உண்டு என்னும் எடுகோளின் மீது ஒரு கொள்கையை அமைக்க முடியாது என்பதற்கு அவ்வரலாறு சான்றாகும்.

தோட்டமும் கரையும்

பிள்ளைப் பராமரிப்பைப் பொதுவில் ஒழுங்குசெய்வது இந்நாட்டுக்குப் புதிய எண்ணமன்று. மலையகத் தேயிலைத் தோட்டங்களிலே பிள்ளைக்காம்பிரா நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. கொழுந்தெடுக்கும் தாய் காலையில் குழந்தையை அங்கு விட்டு மலைக்குச் செல்வாள். அதன் தரம் பல காலம் இழிந்த நிலையிலிருந்தது என்பது உண்மை. ஆயினும் நிறுவனம் என்ற வகையில் அது இருந்தது. 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் முகாமைக்குக் கையளிக்கப்பட்ட பின்னரும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் மேற்பார்வையில் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக அது தொடர்கின்றது.

தோட்டத்தில் இருந்தது கரையில் ஏன் இல்லை? இது கருணையின் அளவு பற்றிய வினாவன்று. உற்பத்தி அமைப்புப் பற்றிய வினா. தோட்டம் பெருந்தொகையான பெண்களின் உழைப்பை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே முதலாளியின் கீழ் வேண்டிநின்றது. தாய் மலைக்கு வராவிடின் கொழுந்து முற்றிவிடும். ஆதலின் பிள்ளையைப் பார்க்கும் செலவு முதலாளியின் உற்பத்திச் செலவுள் ஒன்றாயிற்று. கரையிலோ உழைப்பு வாடி வாடியாகச் சிதறிக் கிடக்கின்றது. கருவாட்டைக் கொள்வனவு செய்யும் வியாபாரி அதனை உலர்த்தியவளின் முதலாளி அல்லர். அவளுடைய பிள்ளை அவருடைய கணக்கில் இடம்பெறுவதில்லை. சரக்கின் விலையில் மீனும் உப்பும் கூலியும் அடங்குகின்றன. பராமரிப்பு அடங்குவதில்லை.

சட்டமும் தோட்டத்தையும் தொழிற்சாலையையும் மாதிரியாகக் கொண்டே ஆக்கப்பட்டது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், அதன் 1978ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தொழிலாளிக்கு ஒன்பது மணிநேரத்தில் இரு இடைவேளைகளை வழங்குகின்றது. பராமரிப்பிடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி; இல்லையாயின் ஒரு மணி. 2018ஆம் ஆண்டுத் திருத்தம், எத்தனையாவது குழந்தையாயினும் 84 நாள் விடுப்பு என்று வரையறுத்தது. இவை போராடிப் பெறப்பட்ட மதிப்புமிக்க உரிமைகள். ஆயினும் தொழில் கொள்வோர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட இயலாத இடத்து இவ்வுரிமைகள் ஏட்டளவில் நின்றுவிடுகின்றன. உரிமையுடையோருக்கும், விடுப்பு முடியும் மூன்று நான்கு மாதத்துக்கும் முன்பள்ளி தொடங்கும் மூன்று வயதுக்கும் இடையே ஒரு நீண்ட வெற்றிடம் உண்டு.

கடல் கடக்கும் பராமரிப்பு

இவ்வெற்றிடத்தின் மறுபக்கம், இக்கரையிலிருந்து பராமரிப்பு உழைப்பே ஏற்றுமதியாவதாகும். புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலிருந்து பெண்கள் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணியாளராகச் செல்கின்றனர். மாவட்டத்தின் தென்கோடியில் வென்னப்புவ, மாரவில பகுதிகளிலிருந்து செல்வோருக்கு இத்தாலி முதன்மையான இலக்கு. அங்கு முதியோரையும் குழந்தைகளையும் பார்ப்பது அவர்களது தொழில். ஊரில் தன் பிள்ளையைப் பார்ப்பதற்குக் கூலியில்லை. பிறநாட்டில் பிறர் பிள்ளையைப் பார்ப்பதற்குக் கூலியுண்டு. ஒரே உழைப்பு ஓரிடத்தில் கடமையாகவும் இன்னோரிடத்தில் பண்டமாகவும் நிற்கும் முரண்பாடு இது.

இதற்கு அரசு கண்ட பரிகாரம் கட்டுப்பாடே. 2013இல் கொணரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை முறை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்வதைத் தடுத்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையின் நலனே அளவுகோலாயின் நெருக்கடி வந்ததும் அது குறைந்திராது. தந்தையின் பயணத்துக்கு இத்தகைய அறிக்கை கேட்கப்பட்டதுமில்லை. தாயைத் தடுக்கும் சட்டம் எளிதில் ஆக்கப்பட்டது. தாய்க்குப் பதிலாகப் பிள்ளையைப் பார்க்கும் நிறுவனம் ஆக்கப்படவில்லை.

ஆட்சேபங்களும் வழியும்

கடன் சுமையிலுள்ள நாட்டில் இதற்குப் பணம் எங்கே என்னும் ஆட்சேபம் எழலாம். வரிச் சலுகையும் செலவே என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். வரவேண்டிய வரியை வாராது விடுவது, வந்த வரியைச் செலவிடுவதற்கு ஒப்பானது. வேறுபாடு, ஒன்று வரவு செலவுத் திட்டத்தில் தலைப்பிட்டு எழுதப்படுகின்றது. மற்றது பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாது போகின்றது. ஒருவருக்கு 43,200 ரூபாவும் மற்றொருவருக்குப் பூச்சியமும் வழங்கும் செலவிலும், இருவரது பிள்ளைக்கும் ஓரிடம் அமைக்கும் செலவே நியாயமானது.

பிள்ளையைப் பிறரிடம் விடுவது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்போரும் உளர். கரையோரப் பெண் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்தவள். பிள்ளையை ஊரார் சேர்ந்து பார்ப்பதும் அங்கு பழைய வழக்கமே. பொதுப் பராமரிப்பு அவ்வழக்கத்தைக் குலைப்பதன்று. அதற்குக் கூரையும் பாலும் கூலியும் கொடுப்பது.

முன்மாதிரிகளும் இல்லாமலில்லை. சிதறிய, நிலையற்ற உழைப்புள்ள இடத்திலும் பராமரிப்பை ஒழுங்குசெய்யலாம் என்பதை, 1969இல் தில்லியில் மீரா மகாதேவன் தொடங்கிய நடமாடும் குழந்தைக் காப்பக இயக்கம் காட்டிற்று. கட்டட வேலை நடக்கும் இடத்துக்கே காப்பகம் சென்றது. வேலை முடிந்ததும் அடுத்த இடத்துக்குப் பெயர்ந்தது. பருவத்தோடு பெயரும் வாடிக்கும் உப்பளத்துக்கும் இம்முறை பொருந்தக்கூடியது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் பிரதேச சபைகளும் இக்கரையில் ஏற்கெனவே இருக்கும் அமைப்புகள். கருவாடும் இறாலும் நண்டும் உப்பும் கைமாறும் இடத்தில் வியாபாரியிடமிருந்து ஒரு சிறு அறவீடு பெற்று, அதனோடு அரசின் பங்கும் சேர்ந்தால், பராமரிப்பின் விலை முதன்முறையாகச் சரக்கின் விலைக்குள் வரும். நிலையத்தின் நேரம் கடலின் நேரத்தைத் தழுவ வேண்டும். அங்கு பணிபுரியும் பெண்ணுக்குச் சட்டப்படியான ஊதியமும் சேமலாப நிதியும் வேண்டும். இன்றேல் ஓர் ஏழைப் பெண்ணின் சுமை இன்னோர் ஏழைப் பெண்ணின் தலைக்கு மாற்றப்பட்டதாகவே முடியும்.

இலங்கை 1981இல் ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கெதிரான எல்லா வகையான பாரபட்சங்களையும் ஒழிப்பதற்கான சமவாயம், பெற்றோர் தொழிலையும் குடும்பப் பொறுப்பையும் இணைத்து நடத்துவதற்குப் பிள்ளைப் பராமரிப்பு வசதிகளின் வலையமைப்பை ஊக்குவிக்குமாறு அதன் 11ஆம் உறுப்புரையிற் கூறுகின்றது. அங்கு பேசப்படுவது சேவை, வரிச் சலுகையன்று.

தொகுத்து நோக்குமிடத்து, வரி வரவு முற்றாகத் தள்ளத்தக்கதென்று கூறுவதற்கில்லை. ஆசிரியைக்கும் தாதிக்கும் எழுதுவினைஞருக்கும், அவர்கள் வரி எல்லையைக் கடக்கும்போது, அது பயன் தரலாம். திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டோடு அமையுமாயின் இன்னும் பலரைச் சென்றடையலாம். ஆயினும் அதனையே முதன்மையான கொள்கையாகக் கொள்வது, ஏற்கெனவே கணக்கில் உள்ளோரின் கணக்கை மட்டும் சீர்செய்வதாகும். புத்தளக் கரையின் தாய் கணக்குக்கு வெளியே நிற்கின்றாள். அவள் மறைமுக வரி செலுத்துகின்றாள். நாட்டுக்கு உப்பும் உணவும் அந்நியச் செலாவணியும் தருகின்றாள். அவற்றுக்கான பராமரிப்புச் செலவைத் தன் தாயின் முதுமையிலிருந்தும் மகளின் படிப்பிலிருந்தும் எடுத்துக் கொடுக்கின்றாள். அச்செலவைச் சமூகத்தின் பொதுச் செலவாக ஏற்பதே முதலில் செய்யவேண்டியது. வரி வீதங்கள் பற்றிய விவாதம் அதன் பின்னர் வருவது.